தொழுகை இல்லாத நாட்கள்

நோன்பு பிறந்து நாலாம் நாள். காலை பதினொரு மணி இருக்கும். குடோன் சாவியை வீட்டில் மறந்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். அதை எடுக்கத் திரும்பி வந்தால், சமையலறைக் கதவின் பின்னால் தாஜு நின்றுகொண்டிருக்கிறாள். வாயில் பாதி இட்லி, கையில் மீதிப் பாதி. என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தாள்.

தாஜு என்கிற தாஜுன்னிசா என் மனைவி. முப்பத்து மூன்று வருஷக் குடித்தனம். காய்ச்சலில் உடம்பு கொதிக்கிறபோதுகூட நோன்பை விடாதவள். நானாவது சில வருஷம் வயிற்றுவலி, தலைவலி என்று சாக்குச் சொல்லியிருக்கிறேன், அவள் சொன்னதில்லை.

"இன்னா தாஜு, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

அவள் இட்லியை விழுங்கிவிட்டு, முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒடம்புக்கு இன்னா, நல்லாத்தான் கீது. எனக்கு நோம்பு இல்ல."

எங்கள் வீடுகளில் இதற்குப் பொருள் எல்லோருக்கும் தெரியும். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. விட்ட நோன்பை மட்டும் பிறகொரு நாள் பிடித்து ஈடு செய்ய வேண்டும். அதைக் களா என்போம். யாரும் எதையும் உடைத்துச் சொல்வதில்லை. 'நோன்பு இல்லை' என்றால் போதும், கேட்டவன் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான்.

ஆனால் தாஜுவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த விவகாரமெல்லாம் நின்று ஆறு வருஷம் ஆகிறது.

"இன்னாது?" என்றேன், புரியாதவன்போல.

"அதான். திரும்ப வந்துக்குது. காலையில பாத்தேன்."

ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்கு வெட்கம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வந்தது. சாவியை எடுக்காமலேயே கடைக்குத் திரும்பிப் போனேன்.

உத்திரமேரூர் பஜாரில் என்னுடையது செருப்புக்கடை. அத்தா காலத்துக் கடை. அன்று வந்தவர்களுக்கு நான் காட்டிய செருப்பெல்லாம் அளவு மாறிப்போனது. ஏழாம் நம்பர் கேட்டவருக்கு ஒன்பதை எடுத்துப் போட்டுவிட்டு, அவர் காலைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான முதல் வருஷத்து நோன்பு வந்து கண்முன்னால் நின்றது.

அப்போது எங்கள் வீட்டில் பதினோரு பேர். அத்தா, அம்மா, அண்ணன்கள், அண்ணிகள், அவர்களின் பிள்ளைகள். தாஜு இருபது வயதுப் புதுப்பெண். நோன்பு இல்லாத நாளிலும் நோன்பு பிடித்தவள்போலவே வளைய வர வேண்டும். மாமனார் இருக்கிற வீட்டில் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் குடிக்க முடியாது. பகலில் அடுப்பும் எரியாது. அண்ணிகள் விவரமானவர்கள், அரிசி டப்பாவுக்குப் பின்னால் ரஸ்க் ஒளித்து வைத்திருப்பார்கள். இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். இன்னொரு தரம் கேட்டதும் அழுதுகொண்டே சொன்னாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வேதகிரியின் டீக்கடைக்குப் போனேன். நோன்பு மாசத்தில், பட்டப்பகலில், தொப்பி போட்ட ஒருவன் மசால்வடை கேட்டால் எப்படி இருக்கும்?

"இன்னா பாய், நோம்பு அவ்ளோதானா? மூணு நாள்லயே மூட்டையக் கட்டிட்டியா?" என்று வேதகிரி கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தான்.

வாயில் வந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நாலு வடையையும் ஒரு பன்னையும் செருப்பு அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினேன். வீட்டுக்குள் நுழைந்து, எல்லோர் எதிரிலும், "தாஜு, நீ கேட்ட அஞ்சாம் நம்பர் வந்துக்குது. உள்ள போய் போட்டுப் பாரு" என்று நீட்டினேன். அவள் ஒன்றும் விளங்காமல் வாங்கிக்கொண்டு போனாள். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரித்த சிரிப்பு கதவைத் தாண்டி வந்தது.

"செருப்புக்கு இன்னாடி அவ்ளோ சிரிப்பு?" என்று என் அம்மா கேட்டாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நோன்பு மாசம் என்று இல்லை, எல்லா மாசமும். அவள் ஒன்றும் சொல்ல வேண்டாம். தொழுகை நேரத்தில் அவளுடைய தொழுகைப் பாய் சுருட்டினபடி ஆணியில் தொங்கினால் நான் புரிந்துகொள்வேன். மறுநாள் பெட்டி வரும். ஒரு மாசம் வடை, ஒரு மாசம் பாதுஷா, ஒரு மாசம் வெறும் வேர்க்கடலை. நான் வந்து, அவள் தின்று முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போவேன். உண்மையைச் சொன்னால் அவளைவிட நான்தான் அந்த நாட்களுக்காகக் காத்திருந்தேன்.

அண்ணன்கள் தனித்தனியாகப் போனபின் கடை எனக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஆம்பூர்ப் பக்கமிருந்து சாயம் போடாத தோல் செருப்பு மூட்டை மூட்டையாக வரும். வீட்டின் பின்னறையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சாயம் ஏற்றுவோம். சாயம் அவளுக்கு, பாலிஷ் எனக்கு. பழந்துணியைத் தட்டில் நனைத்துத் தோலில் தேய்த்துத் தேய்த்து அவள் கை மணிக்கட்டுவரை பழுப்பாகியிருக்கும். "மருதாணிச் செலவு மிச்சம்" என்று கேலி செய்வேன். ஜன்னல்கூட இல்லாத அறை. சாய நெடி மூக்கில் ஏறும். பத்து வருஷம் அந்த அறையில் நாங்கள் பேசிச் சிரித்த மாதிரி அதன்பின் எங்கேயும் பேசிச் சிரித்ததில்லை.

பிறகு மெஷின் செருப்பு வந்தது. பின்னறை குடோன் ஆனது. அத்தாவும் அம்மாவும் மவுத்தாகி எங்களை விட்டுப் போனார்கள். மகன் ஆசாத் மஸ்கட் போனான், மகள் சைமா கல்யாணமாகிக் காஞ்சிபுரம் போனாள். யாருக்கு ஒளித்துச் சாப்பிட வேண்டும்? பெட்டி நின்றுபோனது. எந்த மாசம் நின்றது என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. காலையில் அவள் கட்டிக் கொடுக்கிற கேரியரைக் கடைக்கு எடுத்துப் போய்விடுவேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நோன்பு முடிவில், "இந்த வருசம் முப்பதும் புடிச்சிட்டேன்" என்றாள். "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்ல வந்தது என்ன என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கேட்கவில்லை. ஒரே வீட்டில் குடியிருக்கிற இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே அன்று பன்னிரண்டு மணிக்கு வேதகிரி கடைக்குப் போனேன். அவனுக்கு இப்போது பல் பாதி இல்லை, குரல் மட்டும் அப்படியே. "நோம்பு அவ்ளோதானா பாய்?" என்றான். முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே பொய்யைச் சொன்னேன்.

வீட்டில் யாருமில்லை. ஆனாலும் வாசலில் நின்று, சத்தமாக, "தாஜு, அஞ்சாம் நம்பர் வந்துக்குது" என்றேன்.

அவள் கூடத்தில் வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நோம்பு புடிச்சவரு எதிர்ல நான் எப்டிங்க சாப்புடறது?"

"நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன். நீ சாப்பிடு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் வடையைக் கடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு நாக்கில் ஒரு பருக்கை படவில்லை. ஆனாலும் அப்படியொரு மத்தியானம் எனக்கு வாய்த்து வெகுநாள் ஆகியிருந்தது. என் அண்ணிகளைப் பற்றி, சாயத் தட்டைக் கவிழ்த்துவிட்டு அம்மாவிடம் வாங்கிய திட்டைப் பற்றி அவள் பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். ஐந்து நாள் அப்படிப் போனது. ஆறாம் நாள் குளித்துவிட்டு நோன்பு பிடித்தாள். எனக்கு மனசு சோர்ந்துபோயிற்று.

பெருநாள் முடிந்து மூன்று வாரத்தில் மறுபடி வந்தது. சாயங்கால அஸர் தொழுகை நேரத்தில் பாய் ஆணியில் தொங்குவதைப் பார்த்தேன். நான் புதுச்சட்டை எடுத்ததும், தினம் தலைக்கு எண்ணெய் தடவியதும் அந்த வாரத்தில்தான். "பாய் புது மாப்ள கணக்கா சுத்திக்கினு கீறாரே" என்று வேதகிரி வம்புக்கு இழுத்தான். இழுக்கட்டும் என்று விட்டேன்.

அந்த இரண்டாவது தடவையில்தான் அதைப் பார்த்தேன். தாஜுவின் முழங்கால் வலிக்காகப் போன வருஷம் வெஸ்டர்ன் கக்கூஸ் வைத்தோம். வெள்ளை வெளேரென்று இருக்கும். அவள் போய் வந்தபின் நான் போனேன். தண்ணீர் சரியாக அடித்துப் போகவில்லை. அடியில் வெளிர் சிவப்பாக நின்றது. கருஞ்சிவப்பாக ஒரு துணுக்கு, நாவல்பழத் தோல் மாதிரி, ஓரத்தில் ஒட்டியிருந்தது.

எனக்குச் சட்டென்று சில விஷயங்கள் தோன்றின. அந்தக் காலத்தில் பின்பக்கக் கொடியில் துணி காயும். பிறகு மெடிக்கல் ஷாப்பில் பேப்பர் சுற்றித் தருகிற பாக்கெட்டை என்னைத்தான் வாங்கி வரச் சொல்வாள். இப்போது கொடியில் துணியும் இல்லை, பாக்கெட்டும் கேட்கவில்லை. கடைக்காரனுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது. பட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் அது வியாதியாகிவிடும். வியாதி என்றால் பெட்டியும் இல்லை, மத்தியானமும் இல்லை. மூன்று நாளில் தானாக நின்றதும், பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதுகிறபோது வெட்கமாக இருக்கிறது.

மே மாசக் கடைசியில் மூன்றாவது தடவை வந்தபோது சைமா லீவுக்கு வந்திருந்தாள். அவள் காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட டீச்சர். வீட்டுக்கு வந்தாலும் டீச்சர்தான். பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தும் அவள் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ தொயுவல?"

தாஜு சிரித்தாள். புதுப்பெண் சிரிக்கிற சிரிப்பு. சைமா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கும் அதே சிரிப்பு இருந்திருக்கும். பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"ஆறு வருசம் கழிச்சி ரத்தம் வந்தா, வயசு திரும்பி வந்துடுச்சின்னா அர்த்தம்? ரெண்டு பேருக்கும் மூளை கீதா? எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்களுக்கு இப்டித்தான் வந்து, கர்ப்பப்பையில..." என் பக்கம் திரும்பினாள். "அத்தா, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தினி நாளா?"

"நோம்புலேர்ந்து."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் காஞ்சிபுரத்தில் சித்ரா என்ற பெண் டாக்டரிடம் போனோம். தாஜுவை உள்ளே வைத்து வெகுநேரம் பார்த்தார்கள். அதன்பின் என்னையும் சைமாவையும் கூப்பிட்டார்கள்.

"கர்ப்பப்பை நல்லா இருக்கு. ரத்தம் அங்கேருந்து வரலை. சிறுநீர்ல வருது" என்றார் டாக்டர்.

சைமா பெருமூச்சு விட்டாள். நானும் விட்டேன். கர்ப்பப்பை இல்லை என்றதும் பாதி ஆபத்து தாண்டிவிட்ட மாதிரி இருந்தது.

"அப்ப ஒண்ணும் பயமில்லையே டாக்டர்?" என்றேன்.

"அப்படி இப்பவே சொல்ல முடியாது. சிறுநீர்ல ரத்தம் வர்றதுக்கு நிறையக் காரணம் இருக்கு. கல்லு இருந்தாலும் வரும். கிருமி இருந்தாலும் வரும். ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரையாலயும் வரும். பீட்ரூட் சாப்பிட்டாக்கூடச் சிவப்பாப் போகும், அது ரத்தமே இல்லை. ஒவ்வொண்ணாப் பார்த்துத்தான் சொல்லணும்." தாஜுவிடம் திரும்பினார். "போகும்போது எரியுதா? இடுப்பு வலிக்குதா?"

"இல்லம்மா. ஒண்ணுமே இல்ல."

"ஒரு வலி இல்ல டாக்டர், நல்லா நடமாடிக்கினுதான் கீறா" என்று நான் குதித்துக்கொண்டு சொன்னேன். டாக்டர் முகத்தில் அந்தச் சந்தோஷம் ஏறவில்லை.

"வலி இருந்திருந்தா நான் இன்னும் நிம்மதியா இருப்பேன், பாய். வலியே இல்லாம வந்து, தானா நின்னு, மறுபடி வர்றதைத்தான் தள்ளிப்போடக் கூடாது. நின்னுடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை."

அடுத்த வாரம் முழுக்கச் சோதனைதான். சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததில் ரத்த அணு ஏராளம், கிருமி இல்லை. ஸ்கேனுக்கு மூன்று பாட்டில் தண்ணீர் குடிக்கச் சொல்லி, அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். "இன்னும் அஞ்சு நிமிசம் போனா இந்த பெஞ்சியே மெதக்கும்" என்று தாஜு என் காதில் சொன்னாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்கேனில் சிறுநீர்ப்பையின் உட்சுவரில், மொச்சைக்கொட்டை அளவுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதன்பின் நாங்கள் சிரிக்கவில்லை.

சிறுநீரகத்துக்கென்றே இருக்கிற டாக்டர் ஸ்ரீகாந்திடம் அனுப்பினார்கள். என் மகன் வயதுதான் இருக்கும். நரம்பில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார். சிறுநீரகம் இரண்டும் சுத்தம், கல் எதுவும் இல்லை. கேமரா வைத்த மெல்லிய குழாயைச் சிறுநீர் வருகிற வழியாகவே விட்டுப் பையைப் பார்த்தார். பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்.

"வீட்டுல யாராவது சிகரெட், பீடி?"

"இல்லீங்க."

"வெத்தல, புகையிலை?"

"இல்லீங்க."

"சாயம், பெயிண்ட், தோல்... இந்த மாதிரி ஏதாவது வேலை செஞ்சிருக்கீங்களா?"

தாஜு முகம் மலர்ந்து சொன்னாள்.

"பத்து வருசம் செருப்புக்கு சாயம் போட்டோம் டாக்டர். நானும் இவரும். வூட்டுலயே."

தன் பிறந்த ஊரைக் கேட்டவருக்குச் சொல்கிற மாதிரி அவ்வளவு ஆசையாகச் சொன்னாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பழைய சாயங்கள் சிலவற்றில் இருந்த ரசாயனம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், கடைசியில் சிறுநீரில் கலந்து பையில் மணிக்கணக்காகத் தங்கும், அதன் வேலையை இருபது முப்பது வருஷம் கழித்துக்கூடக் காட்டும் என்று விளக்கினார்.

"அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஒரு காரணமும் இல்லாமலும் வரும். நீங்களும் ஒரு தடவை சிறுநீர் டெஸ்ட் பண்ணிக்கிடுங்க" என்று என்னிடம் சொன்னார்.

என்னுடையது சுத்தமாகத்தான் இருந்தது. சாயம் அவளுக்கு, பாலிஷ் எனக்கு என்று பிரித்தவன் நான். என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த அறை அது. அதுவே அவளை உள்ளிருந்து அரித்திருக்கலாம் என்று ஒரு சின்னப் பையன் காகிதத்தில் எழுதிக் கோப்பில் வைக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வயிற்றைக் கீறாமல், அதே வழியாகக் குழாய் விட்டு அந்தக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தசைக்குள் இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டியிருக்கும், மேலோடு இருந்தால் பையைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் தொங்கிய பிளாஸ்டிக் பைதான் மூன்று நாள் எனக்கு வேலை. முதலில் ரத்தமாக இருந்தது. அப்புறம் டீத்தண்ணி நிறம். மூன்றாம் நாள் வெளுத்த மஞ்சள். நான் ஒவ்வொரு மணிக்கும் குனிந்து பார்ப்பதைக் கண்ட தாஜு, "அதுல இன்னா கலர் ஷேடு பாத்துக்கினு கீறீங்க, செருப்புக்குப் போடவா?" என்றாள். வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

ரிசல்ட் வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் கடையைத் திறந்தேன், மூடினேன். என்ன விற்றேன் என்று கேட்டால் தெரியாது. தொழுகையில் நின்றால் வசனம் மறந்துபோகும். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை. யா அல்லாஹ், அவளை விட்டுவிடு என்பதைத் தவிர வேறு துவா வரவில்லை.

பதினோராம் நாள் டாக்டர் ஸ்ரீகாந்த் ரிப்போர்ட்டைப் பிரித்தார்.

"புற்றுநோய்தான். ஆனா தசைக்குள்ள இறங்கலை. பையை எடுக்க வேண்டாம்."

தாஜு என் கையைப் பிடித்தாள். எனக்கு அதன்பின் சொன்னது பாதிதான் கேட்டது. வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் பைக்குள் மருந்து விட வேண்டும். திரும்ப முளைக்கக்கூடியது, அதனால் மூன்று மாசத்துக்கு ஒருமுறை கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடவைகூடத் தவறவிடக் கூடாது.

"முதல்ல எப்ப பார்த்தீங்க?"

"நோம்பு மாசத்துல" என்றாள்.

"மார்ச்சா? மூணு மாசத்துக்கும் மேலயா?" டாக்டர் என்னைத்தான் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நான் வேற பேச்சு பேசிக்கிட்டிருப்பேன்."

சைமாவுக்குப் பள்ளிக்கூடம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினோம். இரண்டு பேர் சீட். ஜன்னல் பக்கம் அவள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் இனி மூடி வைக்க என்னால் முடியவில்லை.

"தாஜு, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டாவது வாட்டி வந்தப்பவே எனக்கு சந்தேகம் தட்டிச்சி. கக்கூஸ்ல பாத்தேன். கொடியில துணி இல்ல, நீ பாக்கெட்டும் கேக்கல. இது அது இல்லன்னு தெரிஞ்சிபோச்சு. அன்னிக்கே கேட்டிருந்தா அப்பவே டாக்டராண்ட வந்திருப்போம். நான்தான் வாயத் தொறக்கல."

"ஏன் தொறக்கல?"

"நல்லா இருந்துச்சு. ஒன்னாண்ட வந்து ஒக்காந்துக்கினு இருந்தது. அதான்."

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"மொத நாளு தெரியல. சத்தியமா திரும்ப வந்துடுச்சின்னுதான் நெனச்சேன். ரெண்டாம் நாளே தெரிஞ்சிபோச்சு. ஒண்ணுக்குப் போறப்ப மட்டும்தான் வருது. துணியில ஒரு பொட்டு இல்ல. ரெண்டு புள்ள பெத்தவளுக்கு இதுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சுமா? தெரிஞ்சுக்கினே நோம்ப வுட்டியா? தொழுகைய வுட்டியா? நீயா?" என் சத்தம் ஏறிவிட்டது. முன்சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா பேசுங்க." தாஜு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "நோம்ப களா புடிச்சுக்குவேன். வுட்ட தொழுகையையும் ஒண்ணொண்ணா தொழுதுக்குவேன். அல்லாகிட்ட தெனம் அழுதுக்கினுதான் கீறேன்."

"உசுரு போயிருந்தா? அத்த இன்னா பண்ணுவ? சொல்லு!"

"நான் இன்னா சாவணும்னா ஆசப்பட்டேன்? நாளைக்கி சொல்லிடலாம், நாளைக்கி சொல்லிடலாம்னுதான் இருந்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பன்னண்டு மணி ஆனா நீங்க வந்து நின்னுடுவீங்க."

பஸ் காவாந்தண்டலத்தில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன், யார் பார்த்தால் என்ன என்றுதான் இருந்தது. அவள் என்னைத் தடுக்கவில்லை, தன் முக்காட்டு நுனியை எடுத்து என் கையில் கொடுத்தாள். பெட்டி நின்ற நாளிலிருந்து அவள் மத்தியானச் சோற்றைத் தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறாள். என் கடையிலிருந்து வீடு ஐந்து நிமிஷ நடை.